தாங்கிமிசை ஆக்சிஜனேற்றிகள்

கலைச்சொல் ஆக்குவோர் முதற்கண் அறிய வேண்டுவது பொருளின் இயல்பு. சொல்லின் செப்பம் அதன் பின்னரே கருதற்பாலது. இவ்வுண்மையை விளக்குதற்கு வேதியியலில் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் வளர்ந்த ஒரு சிறு துறையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். கரிமச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் மருந்துகளைக் கரைசலாகப் பயன்படுத்தாது, களிமண், சிலிக்கா, அலுமினா, செயற்கைப் பிசின் முதலிய திண்மங்களின்மேற் படியவைத்துப் பயன்படுத்தும் முறை அது. வினையைத் தூய்மையாக நிகழ்த்தும் வழி என்று இதனை வேதியியலார் போற்றுவர். அத்தூய்மை எத்தகையது, எவ்வளவினது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும்.

அறிவியல் தமிழைப் பாடமாகக் கொண்ட முதுகலை மாணவர் சிலர் இம்மருந்துகளைத் 'திண்ம ஆதரவு பெற்ற ஆக்சிஜனேற்றிகள்' என மொழிபெயர்க்கக் காண்கின்றோம். இத்தொடர் தேர்தற் களத்துக்குப் பொருந்துமேயன்றி ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தாது. வேறு சிலர் 'திண்மம் தாங்கும் ஆக்சிஜனேற்றி' என்பர். இது முன்னையதினும் நன்று. எனினும், திண்மம் ஆக்சிஜனேற்றியைத் தாங்குகின்றதா, ஆக்சிஜனேற்றி திண்மத்தைத் தாங்குகின்றதா என்னும் ஐயத்திற்கு இடந்தருகின்றது. தொல்காப்பிய வேற்றுமை மயங்கியலுக்கு உரை கண்டோர் தடுமாறு தொழிற்பெயருக்குக் காட்டும் 'புலிகொல் யானை' என்பதனோடு ஒருபுடை ஒத்த மயக்கம் இது. புலியும் யானையும் பொருத களத்தில் வீழ்ந்து கிடக்கும் உடலே எது கொன்றது என்பதைக் காட்டிவிடும். இங்கும் களத்தைக் கண்டே சொல்லைத் துணிதல் வேண்டும்.

முதலில் ஆக்சிஜனேற்றம் என்னும் சொல்லையே நோக்குவோம். ஆக்சிஜன் என்பதற்கு 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்பது பொருள். எல்லா அமிலங்களுக்கும் இத்தனிமமே காரணம் எனக் கருதிய லவாய்சியே இட்ட பெயர் அது. 1787ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் தோழரும் வெளியிட்ட பெயரீட்டு முறையில் அது நிலைபெற்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது டேவியின் ஆய்வால் 1810ஐ ஒட்டித் தெளிவாயிற்று. கருத்து வீழ்ந்தது, பெயர் நின்றது. தமிழகத்தார் 'ஆக்சிஜனேற்றம்' என்றும் ஈழத்தார் 'ஒட்சியேற்றம்' என்றும் வழங்குவனவற்றிலும் அம்முதற் பிழை தங்கியே உள்ளது. அதனோடு, 'ஏற்றம்' என்பது மற்றொரு மயக்கத்தையும் சேர்த்துவிட்டது. ஆல்கஹால் ஒன்று கீட்டோனாக மாறும்போது அதன் மூலக்கூற்றில் ஆக்சிஜன் ஏறுவதில்லை. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நீங்குகின்றன. ஏற்றம் என்னும் பெயருடைய இவ்வினையில் இறக்கமே உண்டு. எலக்ட்ரான்களை இழத்தலே ஆக்சிஜனேற்றம் என்னும் பிற்கால விளக்கத்தால்தான் இதுவும் அவ்வகையில் அடங்குகின்றது.

வழக்கில் ஊன்றிவிட்ட இச்சொல்லை மாற்றவேண்டும் என யான் கூறவில்லை. எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளும் மருந்து ஒன்று வேண்டும் என்பதும், எடுத்துக்கொண்ட பின் அம்மருந்து எங்கேனும் போய்ச் சேரவேண்டும் என்பதும் மனத்திற் கொள்ளத்தக்கன. தூய்மை பற்றிய வினா முழுவதும் இவ்விரண்டாவதனுள் அடங்கும்.

ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்தற்கு நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டவை ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மங்கள். குரோமியம் டிரைஆக்சைடை நீர்த்த கந்தக அமிலத்திற் கரைத்து, அசிட்டோனில் உள்ள ஆல்கஹாலுடன் சிறிது சிறிதாகச் சேர்க்கும் முறை 1946இல் யூவர்ட் ஜோன்சும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டது. செம்மஞ்சள் நிறக் கரைசல் வினை முடிந்ததும் பச்சை நிறம் பெறும். மாணவரும் கண்டு மகிழும் காட்சி. அப்பச்சை நிறத்தின் விலை எவ்வளவு என்பதைக் கணக்கிடுவோம். மூன்று மோல் சைக்ளோஹெக்சனால், இரண்டு மோல் குரோமியம் டிரைஆக்சைடு, மூன்று மோல் கந்தக அமிலம் ஆகியவை கூடி மூன்று மோல் சைக்ளோஹெக்சனோனைத் தருகின்றன. நிறையாற் கூறின், ஏறத்தாழ 294 கிராம் கீட்டோன் கிடைக்கும்போது 392 கிராம் குரோமியம் சல்பேட்டும் 108 கிராம் நீரும் உடன் தோன்றுகின்றன. கலத்தில் இட்ட நிறையில் 37 விழுக்காடே நாம் வேண்டிய பொருளாகின்றது. இதுவும் தாளில் எழுதும் சமன்பாட்டின் கணக்கு. மிகையாகச் சேர்க்கும் மருந்தும், கழுவும் நீரும், பிரித்தெடுக்கும் கரைப்பானும் இதனுள் அடங்கவில்லை.

ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரற் புற்றுக்குக் காரணமாவது. மூன்று இணைதிறன் கொண்ட பச்சை வடிவம் அத்துணைக் கொடியதன்று. ஆயினும், கழிவில் முதல் வடிவமும் எஞ்சியிருப்பது இயல்பு. குரோமியக் கழிவு நிலத்திற் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு இராணிப்பேட்டை சான்று. 1990களில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை ஒன்றின் கழிவு, இலக்கக்கணக்கான டன் அளவில், பல்லாண்டுகள் வெட்டவெளியிற் குவிந்து கிடந்து நிலத்தடி நீரை நஞ்சாக்கியது. அது குரோமேட்டைச் செய்ததனால் விளைந்த கழிவு. ஆய்வுக்கூடத்தில் அதனைப் பயன்படுத்தியதனால் விளைந்ததன்று. எனினும், மருந்தினைக் கையாள்வோர் அம்மருந்து பிறந்த இடத்தையும் எண்ணுதல் முறையாகும்.

நஞ்சு ஒருபுறம் இருக்க, வேதியியலாரை நாடோறும் வருத்தியது வேறொன்று. 1975இல் கோரியும் சக்சும் அறிமுகப்படுத்திய பிரிடினியம் குளோரோகுரோமேட்டு, நீரில்லாச் சூழலில் வினைபுரிந்து முதனிலை ஆல்கஹாலை ஆல்டிஹைடு நிலையில் நிறுத்தவல்லது. நீர் இருப்பின் ஆல்டிஹைடு மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கார்பாக்சிலிக் அமிலமாகிவிடும். இத்துணை நுண்மை உடைய மருந்தும் வினை முடிவில் கரிய தார் போன்ற பசையாகிக் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விளைபொருளில் ஒரு பகுதி அதனுட் சிக்கிக்கொள்ளும். 1980இல் இதே மருந்தை அலுமினாத் துகளின்மேற் படியவைத்துப் பயன்படுத்தும் முறை வெளிவந்தது. அந்நிலையில் பசை துகளோடு தங்கிவிடுகின்றது. வடிகட்டினால் விளைபொருள் கரைசலில் இறங்கிவிடும். எஞ்சுவது கரைப்பானை ஆவியாக்குதல் ஒன்றே.

இக்கருத்து அதற்கும் முன்னரே முளைத்தது. 1968இல் பிரான்சு நாட்டு வேதியியலார் பெட்டிசோனும் கோல்பியேயும் வெள்ளி கார்பனேட்டைச் சீலைட்டின்மேற் படியவைத்தனர். சீலைட்டு என்பது டயாட்டம் என்னும் நுண்ணிய நீர்ப்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான மண். அம்மண்ணை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிற் கலக்கிச் சோடியம் கார்பனேட்டைச் சேர்ப்பின், ஓடுகளின்மேல் வெள்ளி கார்பனேட்டு மெல்லிய படலமாகப் படியும். உலர்த்திய பின் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத் தூள் கிடைக்கும். ஆல்கஹாலோடு இதனைச் சேர்த்துக் காய்ச்ச, வெள்ளி அயனி உலோக வெள்ளியாகி, தூள் கருநிறம் பெறும். வெள்ளி கார்பனேட்டு தனித்த நிலையிலும் ஆக்சிஜனேற்றியே. ஆனால் தனித்த வீழ்படிவில் உள்ளே கிடக்கும் பகுதி வினைக்கு எட்டாது. ஓடுகளின்மேற் பரவிய நிலையில் அதன் மேற்பரப்பு மிகுகின்றது, வடிகட்டலும் எளிதாகின்றது. ஆல்கஹால் முதலில் அம்மேற்பரப்பில் ஒட்டிய பின்னரே வினை நிகழும். ஆதலின், ஒரு மூலக்கூற்றில் இரண்டு ஆல்கஹால் தொகுதிகள் இருப்பின், அணுக எளிதானது முந்திக்கொள்ளும். நெருக்கத்தில் அகப்பட்டது பிந்தும். கரைசலில் எளிதிற் பெறலாகாத இத்தேர்வு திண்மத்தின் கொடை.

இந்த இடத்தில் ஒரு முரணைச் சுட்டாமற் செல்ல இயலவில்லை. தூய்மைக்குப் பெயர்பெற்ற இத்தூளைப் பெரும்பாலும் பென்சீனிலேயே இட்டுக் காய்ச்சினர். பென்சீன் குருதிப் புற்றை விளைப்பது.

ஈண்டுத் 'தாங்கி' என்பது வெறும் சுமைதாங்கியா என்னும் வினா எழுகின்றது. நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல், சுமந்து வருவோர் தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கப் பயன்பட்டது. சுமையின் தன்மையை அக்கல் மாற்றுவதில்லை. வேதியியல் தாங்கியோ பல இடங்களில் வினையிற் கலந்துகொள்கின்றது. இதற்குச் சிறந்த சான்று பெல்ஜியத்து லியேழ் நகரில் லஸ்லோவும் கொர்னெலியும் 1980இல் உருவாக்கிய 'கிளேபென்'. அமிலத்தாற் பண்படுத்திய மாண்ட்மோரில்லோனைட்டுக் களிமண்ணில், அசிட்டோனிற் கரைத்த இரும்பு நைட்ரேட்டைச் சேர்த்து, அசிட்டோனைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கினால் அது கிடைக்கும். இரும்பு நைட்ரேட்டு தனியே நிற்கும்போது ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்வதில் அத்துணை விரைவுடையதன்று. களிமண்ணின் அடுக்குகளில் அமர்ந்ததும் அது நிலைகுலைந்து, நைட்ரசனின் ஆக்சைடுகளைப் பிறப்பிக்கும் இயல்பு பெறுகின்றது. ஆல்கஹால் முதலில் நைட்ரைட்டு எஸ்டராகிப் பின்னர்ச் சிதைந்து கீட்டோனாகின்றது. களிமண்ணே நைட்ரேட்டைத் தூண்டிவிட்டது. அத்தூண்டல் இருபுறமும் கூருடைய வாள் போல்வது: இத்தூளை ஆக்கும்போது வெப்பநிலை 50 பாகையைத் தாண்டலாகாது, ஆக்கிய அன்றே பயன்படுத்துதல் வேண்டும், மூடிய குடுவையில் வைத்திருத்தல் இடையூறு தரும். வினையின்போது செந்நிற ஆவியும் எழும். கையிற் பிடித்தற்கு எளிய தூளாக இருத்தல் வேறு, தீங்கற்றதாக இருத்தல் வேறு.

ராஜேந்தர் வர்மா 1997இல் இத்தூளை ஆல்கஹாலோடு கலந்து, கரைப்பான் எதுவுமின்றி நுண்ணலை அடுப்பில் வைத்து, ஒரு நிமிட அளவிற்குள் வினையை முடித்துக் காட்டினார். இவ்வினையைக் 'கரைப்பானற்றது' என்பது முறையே. ஆயினும், விளைபொருளைக் களிமண்ணிலிருந்து பிரித்தெடுக்கக் கரைப்பான் தேவைப்பட்டது என்பதும் உடன் கூறற்பாலது.

திண்மத்தைப் பயன்படுத்தும் மற்றொரு வழி, மருந்தைப் பிசின் மணியில் வேதிப் பிணைப்பாற் கட்டுவது. திண்மத்தின் துணைகொண்டு கரிமத் தொகுப்பை நிகழ்த்தும் நெறிக்கு வழி வகுத்தவர் மெரிபீல்டு. அவர் 1963இல் அமினோ அமிலத்தைப் பிசின் மணியிற் கட்டி, அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பெப்டைடை வளர்த்தார். 1984இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் முறையில் மாற்றமுறும் பொருள் மணியில் இருக்கும். மருந்து கரைசலில் வரும். ஆக்சிஜனேற்றிகளின் நிலை இதற்கு நேர் எதிர்: மருந்து மணியில் இருக்கும், மாற்றமுறும் பொருள் வந்து மாறிச் செல்லும். 1976இல் கைனெல்லியும் அவர்தம் குழுவினரும் நேர்மின் தொகுதிகள் கொண்ட அயனிப் பரிமாற்றுப் பிசினில் குரோமிக் அமிலத்தைக் கட்டினர். அது விலை குறைந்தது, செய்தற்கு எளியது, தீர்ந்த பிசினைக் கழுவி மீண்டும் குரோமேட்டை ஏற்றலாம்.

மணியிற் கட்டுவதால் எழும் விந்தை ஒன்று உண்டு. ஒரு மணியில் உள்ள தொகுதி மற்றொரு மணியின் உட்புறத்தை எட்டுவதில்லை. ஆகவே, கரைசலிற் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் அமிலமும் காரமும் தனித்தனி மணிகளில் அமர்ந்து ஒரே கலத்திற் பணிபுரியலாம். இசுரேலில் பாட்சோர்னிக்கும் அவர்தம் தோழரும் 1981இல் இதற்கு 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' எனப் பெயரிட்டனர். விவிலியத்திலிருந்து எடுத்த உவமை அது. புலியும் பசுவும் ஒரு துறையில் நீருண்ணும் நல்லாட்சியைக் கேட்டுப் பழகிய நமக்கு இதனை விளக்க வேறு உரை வேண்டா. இதற்குத் தமிழ்ப்பெயர் ஆக்குவார் 'ஒருதுறை வினைகள்' என்றே வழங்கலாம்.

இனி, தூய்மை பற்றிய வினாவிற்கு மீள்வோம். தாங்கியால் வினையின் கணக்கு மாறிற்றா? வெள்ளி கார்பனேட்டை எடுத்துக்கொள்க. 98 கிராம் சைக்ளோஹெக்சனோனைப் பெறக் குறைந்தது 276 கிராம் வெள்ளி கார்பனேட்டு வேண்டும். 216 கிராம் உலோக வெள்ளி எஞ்சும். கலத்தில் இட்ட நிறையில் 26 விழுக்காடே விளைபொருளாகின்றது. ஜோன்சு முறையின் 37 விழுக்காட்டினும் இது குறைவு. சீலைட்டின் நிறையைச் சேர்த்தால் இன்னும் தாழும். கைனெல்லியின் பிசினிலும் குரோமியம் குரோமியமே. தாங்கி, மருந்தின் அளவைக் குறைக்கவில்லை. அதன் நஞ்சை நீக்கவும் இல்லை. அது செய்தது பிரித்தலை எளிதாக்கியது ஒன்றே.

அஃது இழிந்த பணி அன்று. செல்டன் 1992இல் ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்துணைக் கிலோ கழிவு என்னும் அளவுகோலை வெளியிட்டபோது, எண்ணெய் சுத்திகரிப்பில் அது 0.1 அளவினதாகவும், மருந்தாக்கத்தில் 25 முதல் 100க்கு மேலும் இருப்பதாகவும் காட்டினார். மருந்தாக்கக் கழிவிற் பெரும்பகுதி கரைப்பான்களே. வினைக்குப்பின் நிகழும் கழுவல், பிரித்தெடுப்பு முதலியவை சுருங்குமாயின் அப்பகுதி குறையும். அன்றியும், நஞ்சு நீரிற் கரைந்து எங்கும் பரவுவதினும் ஒரு பிடித் துகளிற் கட்டுண்டு கிடப்பது கையாள எளிது. ஆயினும், இதனை வினையின் தூய்மை எனக் கூறாது பிரிப்பின் தூய்மை என வேறுபடுத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பாடநூல்கள் மாணவரை மயங்கவைக்கின்றன.

வினையின் தூய்மையை அடைய வேண்டுமாயின், திண்மத்தில் இருப்பது செலவாகும் மருந்தாக இன்றி வினையூக்கியாக இருத்தல் வேண்டும்; எலக்ட்ரானை இறுதியில் ஏற்பது காற்றின் ஆக்சிஜனாகவோ ஹைட்ரஜன் பெராக்சைடாகவோ அமைதல் வேண்டும். அப்போது உடன்விளைவது நீர் ஒன்றே. அதே சைக்ளோஹெக்சனாலை ஆக்சிஜனால் மாற்றும் சமன்பாட்டில் 84 விழுக்காடு நிறை விளைபொருளாகின்றது; பெராக்சைடாயின் 73 விழுக்காடு. இத்தாலியில் எனிகெம் நிறுவனத்தார் உருவாக்கி 1983இல் காப்புரிமை பெற்ற டைட்டானியம் சிலிக்கலைட்டு இவ்வகையில் தலையாயது. சிலிக்காப் படிகத்தில் சிலிக்கான் அணுக்கள் இருந்த இடங்களிற் சிலவற்றில் டைட்டானியம் அணுக்கள் அமர்ந்துள்ளன. படிகத்தின் துளைகள் ஏறத்தாழ 0.55 நானோமீட்டர் அகலமுடையவை; நீரை வெறுப்பவை. ஆகவே, நீரிற் கரைந்த பெராக்சைடையே பயன்படுத்தினும் சிறு கரிம மூலக்கூறுகள் உள்ளே புகுந்து வினைபுரியும். பருத்தவை வாயிலிலேயே தடுக்கப்படும். புரோப்பிலீன் ஆக்சைடைக் குளோரின் வழியே செய்து உப்புநீர்க் கழிவைப் பெருக்கிய பழைய முறைக்கு மாற்றாக, இவ்வினையூக்கியைக் கொண்ட பேராலை 2008இல் தென்கொரியாவின் உல்சானில் இயங்கத் தொடங்கியது.

இங்கே நம் சொல் மீண்டும் சோதனைக்கு உள்ளாகின்றது. சீலைட்டின்மேல் வெள்ளி கார்பனேட்டு படிந்துள்ளது; அதனைத் 'தாங்கிமிசை ஆக்சிஜனேற்றி' எனின் மயக்கம் இல்லை; மிசை என்னும் இடப்பொருட் சொல் எது கீழ், எது மேல் என்பதைக் காட்டிவிடுகின்றது. பிசினில் உள்ளது படிந்ததன்று, பிணைந்தது. அதனைத் 'தாங்கிப்பிணை ஆக்சிஜனேற்றி' எனலாம். டைட்டானியமோ திண்மத்தின் மேலும் இல்லை, அதனோடு கட்டப்பட்டும் இல்லை. திண்மத்தின் உறுப்பாகவே உள்ளது. இதற்குத் தாங்கி என்னும் சொல்லே பொருந்தாது; 'சட்டக வினையூக்கி' என்பதே தகும். மூன்றிற்கும் பொதுப்பெயர் வேண்டுமிடத்துத் தலைமை பற்றித் தாங்கிமிசை என்பதனையே ஆளலாம்.

பெயரளவில் தாங்கி என்றிருந்தும் தாங்காது விட்டவையும் உண்டு. குரோமியத்தைத் திண்மச் சட்டகத்தில் அமைத்த வினையூக்கிகள் பெராக்சைடுகளோடு நன்கு வினைபுரிவதாகவும், மீண்டும் மீண்டும் பயன்படுவதாகவும் அறிவிக்கப்பட்டன. 1998இல் லெம்பர்சும் செல்டனும் அவற்றை ஆராய்ந்து, திண்மத்திலிருந்து கரைந்து வெளிப்பட்ட மிகச் சிறிதளவு குரோமியமே அவ்வினையை நிகழ்த்தியது எனக் காட்டினர். அவர்தம் சோதனை எளியது. வினை பாதியில் இருக்கும்போது, சூடு ஆறுமுன், திண்மத்தை வடிகட்டி நீக்கிவிட்டு, வடிநீரை அதே வெப்பநிலையில் வைத்து நோக்குவது. வினை நின்றால் திண்மம் வினையூக்கி. தொடர்ந்தால் வடிநீரில் கரைந்திருப்பது. ஆறவிட்டு வடித்தால் கரைந்த உலோகம் மீண்டும் திண்மத்தில் ஒட்டிக்கொண்டு உண்மையை மறைத்துவிடும். ஏட்டின் மூலபாடத்தை வரையறுப்போர் ஒரு பாடத்தை ஏற்குமுன் பிற சுவடிகளோடு ஒப்பிட்டுக் காணும் கண்டிப்பு இதில் உள்ளது.

கேம்பிரிட்சில் லேயும் அவர்தம் குழுவினரும் பெர்ருத்தேனேட்டைப் பிசினிற் பிணைத்து, 1990களின் இறுதியில் காற்றின் ஆக்சிஜனாலேயே ஆல்கஹால்களை ஆல்டிஹைடாக்கினர். வடித்து ஆவியாக்கினாலே தூய பொருள் கிடைத்தது; பிணைப்பு, வினையூக்கம், நீர் மட்டுமே கழிவாதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. ஆயின், பிறவற்றை ஆக்சிஜனேற்றம் செய்த அம்மருந்து காலப்போக்கில் தன்னைத் தாங்கிய பிசினையும் ஆக்சிஜனேற்றம் செய்தது. அதனால் மீளப் பயன்படுத்துதல் தடைப்பட்டது. 1999இல் கரிமப் பிசினை விடுத்து, நுண்துளைச் சிலிக்காவின் உட்சுவரில் அதே மருந்தைப் பிணைத்தனர். சிலிக்கா ஏற்கனவே முழுதும் ஆக்சிஜனேற்றம் பெற்ற பொருள் ஆதலின் அதனை மேலும் சிதைத்தற்கு ஒன்றுமில்லை.

இத்துறை பற்றித் தமிழில் எழுதுவோர், தாங்கிமிசை மருந்து எதனைக் குறிப்பிடினும், அது செலவாவதா ஊக்குவதா என்பதையும், வடிநீரில் எஞ்சிய உலோகத்தின் அளவையும் உடன் எழுதுதல் நலம்.